பித்தளைப் பரீட்சை

“ஒண்ணே ஒண்ணு ஒட்டினாலும் பால்கனி எனக்கு” என்று மனைவி மூன்றாவது முறையாகச் சொன்னாள். இந்த முறை பழைய இரும்புக்காரரைப் பார்த்துச் சொன்னாள். சாட்சி வேண்டுமாம்.

அவர் தராசைக் கூடத்தில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தினம் எத்தனையோ வீடு ஏறி இறங்குகிற மனிதர். பந்தயம் கட்டிக்கொண்டு பழைய சாமான் போடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறார் போலும்.

டப்பாவைக் கவிழ்த்தேன். செய்தித்தாள் மேல் பித்தளை கொட்டிய சத்தத்தில் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்திருக்கும். எழட்டும். சரித்திர நிகழ்ச்சிகளைத் தூங்கித் தவறவிடக் கூடாது.

அத்தனையும் பிளக்குகளிலிருந்து நான் பிடுங்கிய பின்கள். இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று தெருவில் எது உயிரை விட்டாலும் முதல் தகவல் எனக்குத்தான் வரும். போய் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பழைய கறுப்பு பிளக் என்றால் சுத்தியலால் ஒரே தட்டு, வாயைப் பிளந்துவிடும். ரப்பர் மாதிரி இருக்கிற புது பிளக்கைக் கத்தியால் கீறி இடுக்கியால் இழுக்க வேண்டும். அது பல் பிடுங்கிக்கொள்ள வந்தவனைப் போல முரண்டு பிடிக்கும். ஓய்வு பெற்ற பிறகு நான் உடைத்த பிளக்குகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் பாதித் தூரம் போகலாம். மீதித் தூரத்துக்கு வயர் இருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு குண்டூசியைக்கூட வளைக்காத மனுஷன் இப்படி உழைக்கிறாரே என்று பூரித்துப்போக வேண்டியவள், நான் பட்டறை போட்டிருக்கிற பால்கனியில் ரோஜாத் தொட்டி வைக்க வேண்டும் என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அவர் சுரங்கத்துல இருக்கார், உக்காருங்க” என்கிறாள்.

போன வாரம் ஒரு படி மேலே போய்விட்டாள். “நீங்க பொறுக்கினதுல பாதி இரும்புதான். மேல மினுக்குது, அவ்வளவுதான்.”

பந்தயம் அங்கே பிறந்தது.

மினுக்குவதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? இரும்பின் மேல் முலாம் பூசிக்கொண்டு பித்தளை வேஷம் போடுகிற பின்களை நான் தெருக்கோடியிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன். சந்தேகம் வந்தால் காந்தம். பித்தளை, செம்பு, தங்கம் எல்லாம் பெரிய இடம். காந்தத்தைச் சட்டை செய்ய மாட்டார்கள். இரும்புதான் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும்.

என் காந்தம் கூடாதாம். அது என் பக்கம்தான் பேசுமாம். பழைய இரும்புக்காரர் தன்னுடையதைக் கயிற்றோடு என் கையில் கொடுத்தார்.

குனிந்தேன்.

“மெதுவா. ஆபரேஷன் பண்ணின உடம்பு” என்றாள், எதிர்க்கட்சியாக இருந்தும்.

“என்ன ஆபரேஷன் சார்?” என்றார் அவர்.

என்னிடம் கேட்கலாமா அந்தக் கேள்வியை? பழைய ரேடியோவைத் திறப்பது போல என் நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் பட்டாளமே சுற்றி நின்று யோசித்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரி பில்லை விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம் என்பதைச் சொன்னேன். அதை இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கேள்வி கேட்காமல் கட்டியதையும் சொன்னேன். நான் மயக்கத்தில் கிடந்தபோது இவளே தனியாக அலைந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். அந்தக் கம்பெனியின் புகழை நான் பாடாத வீடு இந்தத் தெருவில் கிடையாது. கேட்டவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். வயிற்றெரிச்சல்.

“அந்தக் கம்பெனி பேரு சொல்லுங்க சார். எங்கம்மாவுக்குப் போடணும்.”

“முதல்ல காந்தத்தப் பிடிங்க. கதை அப்புறம் பேசலாம்” என்று மனைவி குறுக்கே விழுந்தாள்.

அவர் சாக்கைப் பிரிக்கத் திரும்பிக்கொண்டார். நான் காந்தத்தை ஊர்வலம் விட்டேன்.

குவியலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. ராஜா பவனி வருகிறார். குடிமக்களில் ஒருத்தன்கூட எழுந்து நிற்கவில்லை. திரும்பவும் வந்தது. ஒரு பின் அசையவில்லை.

மனைவியின் முகத்தில் ரோஜாத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வாடின. நான் அவசரப்படாமல் பார்த்து ரசித்தேன்.

“அடியில கிடக்கறதக் காட்டுங்க” என்று குவியலுக்குள் கையை விட்டுக் கிளறினாள்.

டக்.

காந்தம் கயிற்றோடு தாவிப்போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

பின்னில் இல்லை. அவள் கையில். அவளுடைய அம்மா போட்டு அனுப்பிய தங்க வளையல்களில்.

கையை வெடுக்கென்று இழுத்தாள். காந்தமும் கூடவே போனது. நான்தான் பிய்த்து எடுத்தேன். நல்ல காந்தம். சுலபத்தில் விடவில்லை.

சத்தம் கேட்டுப் பழைய இரும்புக்காரர் திரும்பினார்.

“என்ன சார், ஒட்டிச்சா?”

அவள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒட்டிச்சுப்பா” என்றேன். “என் கண்ணு ஏமாந்துபோச்சு. பால்கனி அவளுக்கு.”

ஜெயித்தவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

அவர் பின்களை அள்ளித் தராசில் போட்டார். முள் நிற்பதற்குள் மறக்காமல் கேட்டார்.

“அந்தக் கம்பெனி பேரு சொல்லலியே சார்.”

“அதுல இப்ப புதுசா ஆள் சேக்கறதில்லப்பா” என்றேன்.