கரையாத காகம்

ஆற்றின் கிழக்குக் கரையில் சிமென்ட் ஆலை வந்தது. கேன்டீன் வாசலில் தினமும் சாம்பார் சாதம் சிந்தியது. மேற்குக் கரைக்குப் புகை மட்டும் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்த காகம் ஒருநாள் பறந்து வந்து கிழக்குக் காகத்திடம் கேட்டது: "ஏன் மச்சான், சோத்தைக் கண்டா கரைஞ்சு கூப்பிடறதுதானே நம்ம வழக்கம்? என் குஞ்சுங்க பசியில இருமிக்கிட்டுக் கிடக்குதுங்க, உன் சத்தத்தையே காணோமே?"

கிழக்குக் காகம் வாயிலிருந்த கடைசிப் பருக்கையை விழுங்கியது. "தொண்டை கட்டிக்கிச்சு மச்சான். ஆலை இன்னும் வளரட்டும், உங்க கரைக்கும் பங்கு வராமலா போயிடும்?"

மேற்குக் காகம் வெறும் வயிற்றோடு திரும்பியது.

ஆடி பிறந்தது. மேற்கிலிருந்து மேல்காற்று வீசி, புகை மொத்தத்தையும் கிழக்குக் காகத்தின் கூட்டுக்கே திருப்பிவிட்டது. அன்றைக்குத்தான் அதன் தொண்டை திறந்தது.

"கா... கா! மச்சான், ஓடி வா! ஆலை ரெண்டு கரைக்கும் பொதுதானே, வந்து இந்தப் புகையில உன் பங்கை எடுத்துக்கோ!"