நகம் வைக்க ஒரு பள்ளம்

வாவியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கூரைத் தகரத்தின் அடியில் நெளிகிறது. உதயரூபன், அலகு மடங்கும் தன் வில்லுக்கத்திகளைச் சாக்கில் பரப்பி எண்ணெய் பூசுகிறான். எல்லாம் சந்தையில் மலிவாக வாங்கியவை. பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முதிரை மரத்திலும் கொம்பிலும் சிரட்டையிலும் அவனே புதுப்பிடி போட்டிருக்கிறான். அவற்றில் அழகானதை மனைவி தனுஷியாவுக்குக் கொடுத்தும் அவள் தொடுவதில்லையே என்று அவனுக்கு ஒரு மனக்குறை. இன்று மாங்காய் சீவ அதையே எடுத்தவள், மடிந்திருக்கும் அலகைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். “என்ன புள்ள இது, நகம் வச்சு இழுக்கப் பள்ளம் இருக்கெல்லோ?” “அது மற்றப் பக்கம் கிடக்கு. நான் இடக்கையெல்லோ.”

அவள் இடக்கைக்காரி என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கத்தியோடு சேர்த்து நினைத்ததேயில்லை. அலகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பள்ளம் ஒரு பக்கம்தான். கண்ணாடிபோல் மினுக்கிய இரும்பில் அரத்தை வைக்கக் கை கூசுகிறது. பிறகு ராவத் தொடங்குகிறான். இரும்புத்தூள் முழங்காலில் மின்னுகிறது. புதுப்பள்ளம் சற்றுக் கோணல்தான். அவள் இடக்கை நகத்தை வைத்து இழுக்க, ‘டக்’கென்று திறக்கிறது. உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தொட்ட முதல் துண்டை அவனிடம் நீட்டுகிறாள். அவன் கவனிக்கவில்லை. இன்னொரு கத்தியை அவளைப்போல வலக்கையில் பிடித்து, இடக்கைப் பெருவிரல் நகத்தால் பள்ளத்தைத் தடவித் தேடுகிறான். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான். அதற்கடுத்ததையும். “ஒண்டும் திறக்குதில்ல, புள்ள.”