மாதப்பனின் மூன்று நிமிடம்

பதினோரு வருடமாகச் சட்டசபையின் கடைசி வரிசை மாதப்பனுக்குச் சொந்தம். பேசியதெல்லாம் அவர் மேசைமேல் இருந்த செயற்கை அறிவுப் பெட்டிதான்; சபையில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. அவர் குரலிலேயே நானூறு தடவை பேசி, சிறந்த உறுப்பினர் விருதும் வாங்கித் தந்திருந்தது. அந்த நேரமெல்லாம் அவர் கேண்டீனில் கீரை வடை தின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவருடைய தங்கை மகள், ஆற்றைக் கடக்கையில் பரிசலிலேயே பிள்ளை பெற்றாள். தங்கை பச்சியம்மா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"உன் பெட்டி பாலம் கேக்குது, மந்திரி பெட்டி பரிசீலிக்கிறேங்குது. ஒரு தடவை நீயே வாயத் தொறந்து கேளுண்ணா!"

மாதப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. திங்களன்று பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தார். சபாநாயகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆளைப் பார்த்தார். "மூன்று நிமிடம்" என்றார்.

மாதப்பன் முதலில் கட்சித் தலைவரை வணங்கினார். தலைவரை இமயம் என்றார், கடல் என்றார். அவரைப் பெற்ற வயிற்றையும் வணங்கினார். மேசைகள் தட்டப்பட்டதும் உற்சாகம் பீறிட்டு, தலைவரின் பேரப்பிள்ளைகளைப் பெயர் பெயராக வாழ்த்தினார். "இப்போது பாலத்துக்கு வருகிறேன்" என்றபோது மணி அடித்தது, மைக் அணைந்தது.

வெளியே வந்ததும் பச்சியம்மா போனில் கூப்பிட்டாள்.

"டிவில முழுசாப் பாத்தேண்ணா."

"அடுத்த கூட்டத்துல கண்டிப்பா..."

"அடுத்த எலெக்சன்ல நீ நிக்க வேணாம். ஊர்ல பேசி முடிச்சாச்சு, அந்தப் பெட்டியவே நிறுத்துறோம். அதாச்சும் பாலம்னு சொல்லுச்சு."