கவிழ்த்து வைத்த கோப்பை

ராணுவ அதிகாரிகளுக்கான அந்த கிளப்பில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். உறுப்பினராகச் சேருகிறவருக்குப் பெயர் பொறித்த வெள்ளிக் கோப்பை ஒன்று கொடுப்பார்கள். அவர் போரில் இறந்துவிட்டால் அதை மது அலமாரியின் உச்சியில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. அங்கே கவிழ்ந்திருந்த கேப்டன் ஜோயலின் கோப்பையைக் கண்டாலே கர்னல் சற்குணத்துக்கு வயிறு எரியும். ஜோயலின் விதவை ஹெப்சிபாவைத்தான் அவர் மணந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, கிளப்புக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் அந்த உச்சிக்குத்தான் போகும். உயிரோடு பக்கத்தில் ஒருவன் நடந்து வருகிறானே, அவனிடம் அல்ல.

கிளப்பின் செயலாளரானதும் சற்குணம் அந்த வழக்கத்தில் கை வைத்தார். "எதுக்கு இங்க தூசி படிஞ்சு கெடக்கணும்? அவங்கவங்க குடும்பத்துக்கே குடுத்துடலாம். அதான் மரியாதை" என்று பேசிப் பேசியே தீர்மானத்தை நிறைவேற்றினார். அன்று இரண்டு சுற்று அதிகமாகவே குடித்தார்.

மறுவாரம் வீடு திரும்பியபோது, சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே ஜோயலின் கோப்பை நிமிர்ந்து நின்றது.

"கிளப்லேர்ந்து கொண்டாந்து குடுத்தாங்க. அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் ஹெப்சிபா. அதில் தண்ணீர் ஊற்றினாள். "இத்தனை வருஷம் கவுத்தே வெச்சிருந்தாங்க, பாவம். நீங்க செஞ்சத சாகுறவரைக்கும் மறக்க மாட்டேங்க."

முதல்முறையாக அவளாகவே அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்களில் வெள்ளி துலக்கிய பொடியின் வாசம் அடித்தது.