அரைப் பக்கப் படம்

“யோசுவா பேரு இருக்கட்டும் சாரே. படம் மட்டும் புத்தகத்துல போடப்பிடாது,” என்றாள் தங்கபாய்.

பகவதிப்பெருமாள் கையிலிருந்த புகைப்படத்தைப் பெட்டிமேல் வைத்தார். பழவங்காடிச் சந்தில் ஒரு சைக்கிள் கடை. அதன் பின்கட்டில், பழைய டயர்களுக்கு நடுவே அந்தப் பெட்டிதான் மேசை. கோயில் பக்கம் யாரோ விடலைத் தேங்காய் உடைக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

விமானப்படையில் வயர்லெஸ் ஆளாக இருந்தவர் அவர். சண்டை முடிந்து வந்தவர்கள் எல்லாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோது, இவர் மட்டும் விமானப்படையின் சரித்திரம் எழுத உட்கார்ந்தார். இரண்டு புத்தகம் வந்தாயிற்று. விற்றதைவிட இனாமாகப் போனதே அதிகம். இனாமாக வாங்கியவர்களும் எதிரே கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது, பர்மாவிலிருந்து திரும்பாதவர்களைப் பற்றியது. அதில் யோசுவாவின் அத்தியாயத்தைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

யோசுவா வேறு படைப்பிரிவில் விமானத் துப்பாக்கிக்காரன். பகவதிப்பெருமாள் அவனை நேரில் கண்டதில்லை. விமானம் காட்டில் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஓட்டிய அதிகாரியின் எலும்பு, எரிந்துகிடந்த விமானத்துக்குத் தள்ளி ஒரு மரத்தடியில் கிடைத்தது. யோசுவா கிடைக்கவில்லை, ஆறு கொண்டுபோயிருக்கும் என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அவன் மனைவிதான் தங்கபாய். மார்த்தாண்டத்தை விட்டு வந்து, இந்தச் சைக்கிள் கடை ஞானையனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம். வாழ்க்கைப்பட்டதும் விதவைப் பென்ஷன் இனி வேண்டாமென்று அவளே எழுதிப் போட்டிருந்தாள். சர்க்கார் பணத்தை வேண்டாமென்று எழுதிய கடிதத்தைப் பகவதிப்பெருமாள் வேறெந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. அதனாலேயே அவள்மேல் அவருக்குத் தனி மரியாதை.

குடும்பத்தாருக்கு அத்தியாயத்தைப் படித்துக் காட்டி, கையொப்பம் வாங்காமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டார். ஆகவே பேரம் பேசித்தான் ஆகவேண்டும். படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். அவள் அசையவில்லை. கால் பக்கத்துக்கு இறங்கினார். அப்புறம் தபால்தலை அளவு போதுமென்றார். விலை இறங்க இறங்க வாங்குகிறவர் எவர் முகத்திலும் ஒரு தெளிச்சம் வரும். இவள் முகமோ இருண்டுகொண்டே போயிற்று.

“தொப்பி நிழலிலே பாதி முகம்தாம்மா தெரியுது. நம்ம பக்கத்துப் பையன், எப்படி இருந்தான்னு நாலு பேரு பாக்கவேண்டாமா?”

“பாத்து என்ன ஆகப் போகுது? பேரு மட்டும் போதும்.”

கடையின் முன்பக்கத்தில் ஞானையன் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். நெஞ்சுவரை தாடி. வந்தவருக்கு ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்ததோடு சரி, அப்புறம் நிமிரவேயில்லை.

பகவதிப்பெருமாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்காரருக்குப் பிடிக்கலியோ?”

“அவியள இதுல இழுக்காதீங்க சாரே. நல்ல மனுஷன். இந்தப் பேச்சு காதுல விழுந்தாலே ரெண்டு நாளு சோறு இறங்காது.”

பாவம், என்று நினைத்துக்கொண்டார். உயிரோடிருக்கும் புருஷன் தினமும் ஒரு குற்றம் செய்கிறான். செத்துப்போன புருஷனோ வருஷத்துக்கு வருஷம் நல்லவனாகிக்கொண்டே போகிறான். இந்தப் போட்டியில் எந்த ஆம்பிளை ஜெயிப்பான்? ஆனால் அந்த யோசுவா செய்த காரியத்தைக் கேட்டால் இவனுக்கும் மனசு இளகும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

படிக்க வேண்டாம், படம் இல்லையென்றால் இப்போதே ஒப்புப் போட்டுத் தருகிறேன் என்று தங்கபாய் கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. கடையின் முன்பக்கம் வரை எட்டும்படி, ரேடியோக்காரர்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். குண்டு பட்டு விமானம் விழுந்தது. எரியும் விமானத்திலிருந்து அதிகாரியை யோசுவா இழுத்துவந்து மரத்தடியில் கிடத்தினான். எதிரிகள் நெருங்கும் சத்தம் கேட்டது. தம் எழுத்துக்குத் தாமே தலையை ஆட்டிக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தார்.

“‘தப்பி ஓட வழியிருந்தும் அந்த வீரன் ஓடவில்லை. அதிகாரியின் கடைசி மூச்சு வரை அவர் பக்கத்தை விட்டு அகலவில்லை.’”

முன்னால் சக்கரம் நின்றது. ஞானையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். “நீங்க அங்கேயே இரிங்க,” என்று தங்கபாய் குறுக்கே போய் நின்றாள். அவன் அவளை மெல்ல விலக்கினான்.

“படம் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி. அந்தக் கடைசி வரிய மட்டும் வெட்டிருங்க சாரே,” என்றான். “அவரு தண்ணி கேட்டாரு. எடுக்கப் போன நான் திரும்பிப் போகல்ல.”