கோல்கீப்பரின் பார்வை

“முதலியார்பேட்டை மேட்ச்ல நம்ம கலியமூர்த்தியை யாரோ ‘கறுப்பு நாயே’ன்னு திட்டிட்டாங்க ஐயா” என்று கேப்டன் தலையைச் சொறிந்தபடி சொன்னதுமே, கிளப் செயலாளர் சுப்பராயனுக்குக் கோல்கீப்பர் ரெனே மேல்தான் சந்தேகம். அணியில் அவன் ஒருவன்தானே வெள்ளைக்காரன்! உடனே அவனைக் கூப்பிட்டார்.

“பிரெஞ்சுக் கொடி எறங்கியும் ஒனக்குக் கொழுப்பு எறங்கலையா? நீதானே திட்டுன?”

ரெனே அவரையே வெறித்துப் பார்த்தான்.

என்ன திமிர்! “நாளையிலேருந்து ஆட்டமும் இல்ல, சம்பளமும் இல்ல. போ!”

பிறகு கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். “ஒனக்கு நியாயம் வாங்கிக் குடுத்துட்டேன்டா.”

“யாரு திட்டுனாங்கன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ஐயா?”

“அவனை விட்டா வேற யாருடா?”

“கேப்டன்கிட்ட போயி இதைச் சொன்னதே ரெனேதான். நான் கோலைத் தவறவிட்டப்ப, கோட்டுக்கு வெளிய குடையை ஆட்டிக்கிட்டுத் திட்டுனது நீங்க.”