வீட்டோடு மாப்பிள்ளையின் தூக்கம்

வீட்டோடு மாப்பிள்ளை செழியன் கட்டிலில் சாய்ந்த மறுநொடியே குறட்டை விடுவான். எந்நேரமும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் மாமனார் தண்டபாணிக்கு இது பத்து வருட வயிற்றெரிச்சல். உறவுக்காரர்கள் விசாரித்தால், "வெளியே போயிருக்கார்" என்று பொய் சொல்லிவிடுவார்.

அன்று காலை எட்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து டாக்டர் மகள் இளநிலா அழைத்தாள்.

"அப்பா, ரெண்டு நாளா நான் கண்ணை மூடலை. பத்து மணிக்கு ஒரு பச்சைக் குழந்தைக்கு இதய ஆபரேஷன். கை நடுங்குது. அவரைப் பட்டையை மாட்டிக்கிட்டு எனக்காகத் தூங்கச் சொல்லுங்க."

ஒருவர் தூங்கினால் இன்னொருவருக்குக் களைப்புத் தீரும், புதிதாக வந்த பட்டை அது. செழியன் அதை நெற்றியில் கட்டிப் படுத்ததும் எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கத் தொடங்கினார்கள். நிறுத்தச் சொல்லித் தண்டபாணி பதறி ஓடினார். வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளிருந்து எழுந்த குறட்டை, மிஷின் சத்தத்தையே அமுக்கிவிட்டது.

"அடேங்கப்பா!" என்று வாய்பிளந்து நின்றார்.

மதியம் இளநிலா பேசினாள். "குழந்தை பிழைச்சிடுச்சுப்பா. கை துளிகூட நடுங்கலை. அவரை எழுப்பிடாதீங்க, மூணு மணிக்கு இன்னொரு ஆபரேஷன்."

அடுத்து அழைத்தது சித்தப்பா மகன். "என்னண்ணே, இன்னிக்கும் மாப்பிள்ளை வெளியேதானா?"

"தூங்குறார்டா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவிய தண்டபாணி, சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார்.